கண்ணுக்குள் ஒரு காவல்காரன்

(நம் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மதுரைக்காரர்களிடம் கண்ணைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. அவர் விரல்களை முடக்குவாதம் வளைத்திருந்தது. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, நம் மூட்டுகளையே தாக்கும் நோய் அது. அந்த விரல்களாலேயே அவர் ஆயிரக்கணக்கானோருக்குக் கண்புரை நீக்கினார்.

எதிர்ப்புச் சக்தி எல்லை மீறினால் கண்ணுக்குள்ளும் கேடு வரும். விழித்திரையின் நடுவே மாகுலா என்ற சிறு பகுதி இருக்கிறது. எழுத்தைப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் அதனால்தான். வயதாக ஆக, அதன் அடியில் கொழுப்பும் புரதமும் கலந்த கழிவு படியலாம். விழித்திரையில் காவல் இருக்கும் மைக்ரோகிளியா செல்கள் ரசாயனச் சமிக்ஞை அனுப்பும். 'காம்ப்ளிமென்ட்' என்ற புரதக் கூட்டமும் களமிறங்கும். வேலை முடிந்ததும் இவை அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அழற்சி நீடித்து, பார்வைச் செல்களே அழியும். இதுவும் மாகுலா சிதைவுக்கு ஒரு முக்கியக் காரணம்.

காம்ப்ளிமென்ட்டை அடக்கும் ஒரு புரதத்தின் மரபணுவில் உள்ள மாறுதல், இந்நோயின் அபாயத்தைக் கூட்டுவதாக 2005-இல் கண்டறிந்தார்கள். 2023-இல் அமெரிக்காவில் காம்ப்ளிமென்ட்டைக் கட்டுப்படுத்தும் 2 ஊசி மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. முற்றிய உலர் வகையில் சேதம் பரவுவதை அவை மெதுவாக்கும். போன பார்வையைத் திருப்பித் தராது.

அதனால்தான் சொல்கிறேன். "புரைதான், முத்தட்டும்" என்று நீங்களாகவே முடிவு செய்து காத்திருக்காதீர்கள். புரைக்கு லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பும். மாகுலா சிதைவில் அந்த வசதி இல்லை. ஈர வகையில் ரத்தக்குழாய் கசிந்து, சில வாரங்களிலேயே பார்வை குறையலாம். உடனே ஊசி போட்டால் பலருக்குப் பார்வையைக் காப்பாற்ற முடியும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைப் பொத்தி, கட்டம் போட்ட நோட்டுத் தாளின் நடுவே பாருங்கள். பிறகு மறு கண். கோடு நெளிந்தாலோ, நடுவில் கறை தெரிந்தாலோ, தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். 2 கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதாக விற்கும் பொடியும் லேகியமும் இதற்கு மருந்தல்ல. இங்கே குறை சக்தியில் இல்லை, கட்டுப்பாட்டில். புகைப்பவர்கள் அதை விடுங்கள். மரபணுவை மாற்ற முடியாது. பீடி, சிகரெட்டை நிறுத்த முடியும்.

60 தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தனியாகப் போக முடியாதவர்களைப் பக்கத்து வீட்டார் அழைத்துப் போங்கள்.