மூட்டுவாதமும் ஈரலும்

அப்புத்தளையின் அதிகாலை மூடுபனியிலே, தோட்டத்து ஆள்கணக்கெடுப்பாகிய பெரட்டுக்குப் புறப்படும் நம் தாய்மார், செங்குத்தான மலைகளில் நெடுங்காலம் கொழுந்து சுமந்து ஏறியிறங்கிய முழங்கால்களின் நோவைத் தணிக்க வேண்டி, வைத்தியரைக் கேளாமலே மாத்திரைகளை விழுங்குவது என் மனத்தை மிகவும் வருத்துகிறது. பரசிட்டமோல் போன்ற ஔஷதங்கள் ஈரலிலேதான் சிதைவுறுகின்றன. 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு, அதாவது 4 கிராம், என்பதே வளர்ந்தவர்க்கு ஒருநாளைய உச்சவரம்பு. மதுப்பழக்கமோ மெலிந்த சரீரமோ உடையவர்க்கு அதுவும் மிகுதியே. முடக்குவாதத்திற்குத் தரப்படும் மெதொட்ரெக்ஸேட்டோ, வாரத்தில் ஒருமுறை மாத்திரம் உண்ணத்தக்கது. அதனை நாள்தோறும் உண்டால் பிராணாபத்து நேரலாம். ஈரலின் நிலையறியும் இரத்தப் பரிசோதனையும் அம்மருந்தை உண்போர்க்கு இன்றியமையாதது.

மாத்திரையன்றி ஒளியாலும் மூட்டுநோவைத் தணிக்க முயல்வதுண்டு. 1967ஆம் ஆண்டளவில் புடாபெஸ்ட் நகரத்து வைத்தியர் எந்திரே மெஸ்டர், சுண்டெலிகளின் மழித்த தோலிலே வலுக்குறைந்த லேசர் ஒளியைப் பாய்ச்சியபோது ரோமம் விரைந்து வளரக் கண்டார். அதன்வழி வளர்ந்த லேசர் சிகிச்சை, மூட்டின்மீதே பிரயோகிக்கப்படுவதால், மாத்திரையைப்போல் ஈரலுக்குச் சுமையாவதில்லை. முடக்குவாதத்தின் வலியையும் காலைநேர விறைப்பையும் அது சிறிதுகாலம் தணிப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் அது வியாதியின் மூலத்தை அறுப்பதன்று. அதனை நம்பி வைத்தியர் தந்த மருந்தை நிறுத்திவிடலாகாது.

ஈரல் பழுதுறுவதன் அறிகுறிகளாகக் கண் மஞ்சளித்து, சிறுநீர் கருத்து, உணவில் வெறுப்புத் தோன்றுமாயின், உண்ட மாத்திரைகளின் உறைகளையும் எடுத்துக்கொண்டு, அன்றைக்கே தியத்தலாவை அல்லது பதுளை வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.