தொண்டைப் புற்றுநோயும் ஒளியின் துணையும்
(நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நான் உயர்தரம் படித்த காலத்தில், சாம்பல்தீவில் எங்கள் அம்மம்மாவின் குரல் கரகரக்கத் தொடங்கியது. "தடிமன் பிள்ளை, மாறிவிடும்" என்றார். வெற்றிலைத் தட்டம் எப்போதும் அவர் பக்கத்தில் இருக்கும். சோறு இறங்காமல் போன பிறகுதான் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். காலம் கடந்திருந்தது. நான் இந்தத் துறைக்கு வந்ததற்கு அவரே காரணம்.

பேச்சு, மூச்சு, விழுங்கல் மூன்றுக்கும் தொண்டை வேண்டும். அங்கே கட்டியை அகற்றும்போது சுற்றியுள்ள நல்ல இழையத்தையும் சில மில்லிமீற்றர் சேர்த்து வெட்டுகிறோம். குறைத்து வெட்டினால் நோய் திரும்பலாம். கூட்டி வெட்டினால் குரல் போகலாம். அந்த எல்லையைக் கண்ணாலும் விரலாலும்தான் பெரும்பாலும் மட்டிடுகிறோம்.

இதற்கு ஒளி உதவுமா என்று இப்போது ஆராய்கிறார்கள். தலை, கழுத்துப் புற்றுநோய்க் கலங்கள் பலவற்றின் மேற்பரப்பில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதம் மிகையாக இருக்கும். அதைத் தேடி ஒட்டும் மருந்தோடு ஒரு சாயத்தை இணைத்து, சத்திர சிகிச்சைக்குச் சில நாட்கள் முன்பு நாளத்தில் ஏற்றுகிறார்கள். சத்திர சிகிச்சைக் கூடத்தில் விசேட ஒளியைப் பாய்ச்சும்போது சாயம் செந்நிறக் கீழ்க் கதிரை வெளிவிடும். அது கண்ணுக்குத் தெரியாது. கமெரா அதைத் திரையில் காட்டும். செட்டுக்சிமாப் மருந்தோடு சாயம் இணைத்து அமெரிக்காவில் நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்த முதற் பரிசோதனையின் முடிவுகள் 2015இல் வெளியாகின.

குறைகளும் உண்டு. நல்ல இழையமும் சிலவேளை ஒளிரும். ஆழத்தில் இருப்பது தெரியாது. வெட்டிய துண்டை நுணுக்குக்காட்டியில் பார்க்கும் நோயியல் வைத்தியரின் சொல்லே இன்றும் முடிவானது.

ஆனால் சகோதரிகளே, எந்தக் கமெராவும் பிந்தி வந்தவருக்கு அதிகம் செய்யாது. அம்மம்மாவுக்கும் செய்திருக்காது. பாக்கு, புகையிலை சேராவிட்டாலும், மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியது. மூன்று கிழமைக்கு மேல் நீடிக்கும் கரகரப்பு, ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி, விழுங்கக் கஷ்டம் இவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

எந்த நாட்டில் இருந்தாலும், இன்று இரவு ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது அம்மாவின் குரலைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள்.