வீட்டுத் தண்ணீருக்காக யார் பேசுவது?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



வரவு செலவுக் கணக்கை வாசித்த கையோடு, தண்ணீர்க் கணக்கைப் பற்றியும் சிறிது பேச விழைகின்றோம்.

மலைக்கோட்டைப் பாறையைச் சுற்றி வளர்ந்த நம் திண்டுக்கல்லுக்கு ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்திலிருந்தும், வைகையின் பேரணையிலிருந்தும், காவிரியிலிருந்தும் தண்ணீர் வந்து சேர வேண்டியுள்ளது. 1866இல் நகராட்சியான ஊர், 2014இல் மாநகராட்சியாக உயர்ந்தது. குழாயில் என்று வரும், எப்போது வரும் எனக் காத்திருக்கும் வழக்கம் மட்டும் நம் வீட்டுப் பெண்களை விட்டு நீங்கவில்லை.

தண்ணீரில் பங்கு கேட்போர் பலர். விவசாயிகளுக்குச் சங்கம் உண்டு. குடகனாற்று நீருக்காக அவர்கள் திரண்டதைக் கண்டோம். தொழில் நடத்துவோருக்கும் சங்கம் உண்டு. குடத்துடன் நிற்கும் இல்லத்தரசிக்கு எந்தச் சங்கம் இருக்கின்றது?

இவ்விடத்தில், சொல்லக் கசப்பான ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தோல் பதனிடும் தொழில் நம் சமுதாயத்தார் பலருக்குச் சோறு போட்ட தொழில். அதன் கழிவுநீரே நம் பகுதியின் நிலத்தடி நீரையும் கெடுத்தது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் ஆய்வு செய்தது. குடிக்கவும் பாசனத்திற்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 மாசடைந்திருந்தன. குடிநீருக்காகப் பெண்களும் பிள்ளைகளும் மைல் கணக்கில் நடந்தனர். இவையெல்லாம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளன. 1996 ஆகஸ்ட் 28 அன்று வெளியான அத்தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றது. நம் மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. வழக்குத் தொடுத்தது அரசாங்கமன்று; வேலூர்க் குடிமக்கள் நல மன்றம். வற்றிய கிணற்றை ஒரு நல்ல மழை நிரப்பிவிடும். கெட்ட கிணறு அப்படித் திரும்பி வராது. ஆலையில் கூலி வாங்கியவரும் அக்கிணற்று நீரைக் குடித்தவரும் பல வேளைகளில் ஒரே வீட்டார்தாம்.

இன்று வழக்கு மன்றம் வரை போகாமலேயே பேச ஓரிடம் உண்டு. 2022ஆம் ஆண்டின் விதிகளின்படி மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபைகள் அமைந்துள்ளன. பகுதியின் வாக்காளர் அனைவரும் அதில் உறுப்பினர். ஆனால் வெறுங்கையோடு போய், "தண்ணீர் சரியாக வருவதில்லை" என்றால் அது புலம்பலாகவே கேட்கும். எந்தத் தெருவில், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எத்தனை குடம் வந்தது, எங்கே குழாய் கசிகின்றது என்று ஒரு மாதம் எழுதி வைத்துக் கொண்டு போனால் அது சாட்சியம். தண்ணீர் வரும் நேரத்தை முன்கூட்டி அறிவிக்கவும், நீர்ப் பரிசோதனை முடிவைப் பலகையில் எழுதவும் உரிமையோடு கேட்கலாம். தெருக் குழாய் நமக்கு மட்டும் உரியதன்று. அண்டை வீட்டு இந்து, கிறிஸ்தவச் சகோதரிகளும் இப்பேரேட்டில் எழுதட்டும்.

கேட்கப் போகுமுன் நம் கையிலுள்ளதைப் பார்க்க வேண்டாமா? அண்ணலார் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில், அதாவது ஒரு லிட்டருக்கும் குறைந்த நீரில், உளூச் செய்ததை நாமறிவோம். நம் பள்ளிக் குழாயின் கீழ் ஒரு வாளியை வைத்து உளூச் செய்து பாருங்கள். முகம் கழுவும் முன்னரே அவ்வளவு நீர் சேர்ந்துவிடும். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டே சட்டைக் கையை மடிப்பவர்களும் நம்மில் உண்டு! (ஹவுளில் உளூச் செய்த பெரியவர்களுக்கு இந்தப் பழக்கம் வர வழியே இல்லை.) 2003இல் சட்டம் கட்டாயமாக்கிய மழைநீர்த் தொட்டிகள் எத்தனை வீடுகளில் குப்பை அடைத்துக் கிடக்கின்றன என்பதையும் அவரவர் பார்த்துக் கொள்ளலாம்.

உளூ நீரைப் பள்ளி வளாகத்துத் தென்னைகளுக்குத் திருப்பும் வேலையை நிர்வாகம் இவ்வாண்டே எடுத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கின்றோம். தெருவுக்கு இரண்டு பெண்கள் பேரேடு எழுத முன்வர வேண்டும். பேரேடு ஜமாஅத் அலுவலகத்தில் உள்ளது. ஜும்ஆவுக்குப் பின் பெயர் கொடுக்கலாம்.