ஒரு டேப் எழுத்தின் கதை



'மேக்' என்று அடித்து, "மிஸ்ஸிங் செபரேட்டர்" என்று திட்டு வாங்காதவங்க இங்கே உண்டா? கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும். எட்டு ஸ்பேஸ் போட்டால் ஏற்காது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்!

மாறிய கோப்பைச் சார்ந்தவற்றை மட்டும் மறுபடி கம்பைல் செய்யும் இந்தக் கருவியை 1976-இல் பெல் லேப்ஸில் எழுதியவர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன். அப்போது புதிதாக வந்திருந்த லெக்ஸை வைத்து முயன்று, சிக்கலாகிப்போகவே, எளிதாக டேப்பை வைத்துவிட்டார். சில வாரங்களில் பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் நண்பர்கள், பயன்படுத்த ஆரம்பிச்சுட்டாங்க. அவங்க வேலை கெடக்கூடாதேன்னு மாற்றாமல் விட்டார். வேறு எழுத்து வைத்துக்கொள்ளும் வசதி குனூ மேக்கில் 2010-இல், 3.82 பதிப்பில்தான் வந்தது. அப்போதும், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் டேப்தான்!

இதுமாதிரி கருவிக்கு நாமும் நிரல் அனுப்பலாமான்னு கேட்கிற தம்பி தங்கைகளே, தாராளமா அனுப்பலாம். புது வசதியோடு ஆரம்பிக்காதீங்க. பிழை காட்டும் மேக்ஃபைலை நாலே வரியாகச் சுருக்கி, அதை ஒரு சோதனையாக எழுதி அனுப்புங்க. குனூ மேக்கின் சோதனைகள் பெர்லில் இருக்கு. சி மட்டும் போதாது, கொஞ்சம் பெர்லும் படிச்சுக்கோங்க.