ஒரு பக்கம் படிக்கக் கேளுங்கள்



இரவில் ஒரு பக்கமாவது படிக்காமல் நான் படுத்ததில்லை. விட்ட இடத்துக்கு அடையாளமாக வைப்பது கோயிலில் கொடுத்த திருநீற்றுத் தாள். ஆண்டுகள் கழித்துப் பிரித்தாலும் மணக்கும்.

வாசிப்பு தனி இன்பம்தான். ஆனால் நம் கைக்கு அது பிறர் கொடையால் வந்தது. 1935ல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி அவர்கள், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இடம்பெற 1950களில் ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டினார். சாதாரணத் தொழிலாளரும் தம் கூலியிலிருந்து கொடுத்தனர். 1956ல் அங்கே இந்திய இயல் துறை அமைந்தது.

இன்று நமக்கு நூலுக்குக் குறைவில்லை. புக்கிட் பாத்தோக்கிலேயே 1998ல் பொது நூலகம் வந்துவிட்டது. குறை வேறிடத்தில்.

சென்ற ஆண்டு எனக்குக் கண்புரை சிகிச்சை. பேரனைப் படித்துக் காட்டச் சொன்னேன். அரைப்பக்கத்துக்குள் தடுமாறி நின்றான். முப்பது ஆண்டுகள் ஊரார் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவன், வீட்டுப் பிள்ளையைக் கவனிக்கவில்லையே என்று வெட்கினேன். அன்று முதல் தினமும் ஒரு பக்கம் அவன் படிக்கிறான், நான் கேட்கிறேன். கண் தெளிந்த பிறகும் நிறுத்தவில்லை.

அன்னதானத்துக்கு வாரி வழங்கும் நீங்கள், வீட்டுப் பிள்ளையை அருகில் அமர்த்தி ஒரு பக்கம் படிக்கக் கேளுங்கள். அதுவும் தானமே.

எல்லாம் வல்ல இறையருள் துணை நிற்க.