சட்டத்தின் முன் மணமானவளும் மணமாகாதவளும்

(ஆஸ்டின் டவுனில் நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

கருக்கலைப்பு என்னும் சொல்லை விழா மேடையில் உரைப்பது முறையோ என்று நம் செயலாளர் தயங்கினார். எனக்கும் தயக்கம் இல்லாமலில்லை. ஆயினும் சென்ற ஆண்டு நம் குடியிருப்பைச் சேர்ந்த அன்னையார் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, கல்யாணமாகாத பெண்ணுக்கு அந்தச் சட்டத்தில் இடமுண்டா?" என்று கேட்டார். யாருக்காகக் கேட்டார் என்று நான் வினவவில்லை. விடை தெரியாமல் நின்றேன். ரயில்வே அலுவலகத்தில் விதிப் புத்தகங்களோடு காலங்கழிப்பவன் ஆதலால், பின்னர் தேடிப் படித்தேன்.

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் கருச்சிதைவைக் குற்றமாக்கியது. தாயின் உயிரைக் காக்கச் செய்தாலன்றி, செய்தவருக்கும் தண்டனை. தானே செய்துகொண்ட பெண்ணுக்கும் தண்டனை. கருவுக்குக் காரணமான ஆடவனைப் பற்றி அப்பிரிவு வாய் திறக்கவில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இது 88-ஆம் பிரிவாக இருக்கிறது. இதற்கு விலக்காக வந்ததே 1971-ஆம் ஆண்டின் மருத்துவமுறைக் கருக்கலைப்புச் சட்டம். கருத்தடை தவறியதால் உண்டான கருவைப் பற்றிப் பேசுமிடத்தில் அது 'மணமான பெண், அவள் கணவன்' என்றே சொன்னது. 2021-இல் திருத்தியபோது 'எந்தப் பெண்ணும், அவள் துணைவரும்' என்று மாற்றினார்கள்.

சட்டம் மாறிற்று, விதி மாறவில்லை! 20 வாரத்துக்கு மேல் 24 வாரம் வரை எவருக்கு அனுமதி என்று பட்டியலிட்ட விதியில், கருவுற்றபின் விதவையானவரும் மணவிலக்குப் பெற்றவரும் இருந்தனர். மணமே ஆகாதவர் இல்லை.

2022-இல் தில்லியில் இருபத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி நீதிமன்றம் சென்றாள். உடன் வாழ்ந்தவன் மணக்க மறுத்துக் கைவிட்டான். கரு 22 வாரத்தைக் கடந்திருந்தது. பட்டியலில் நீ இல்லை என்றது தில்லி உயர் நீதிமன்றம். ஆறே நாளில், ஜூலை 21 அன்று, உச்ச நீதிமன்றம் மருத்துவக் குழுவின் கருத்துக்கு உட்பட்டு அவளுக்கு அனுமதி தந்தது. செப்டம்பர் 29-இல் நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா, பர்திவாலா ஆகியோர் விரிவான தீர்ப்பை வழங்கினர். போபண்ணா நம் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் இருந்தவர்.

அத்தீர்ப்பின் உயிர்நாடி அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவு. கருவைச் சுமக்கும்போது வாழ்க்கைநிலை தலைகீழாக மாறிய பெண்ணுக்கு உதவுவது விதியின் நோக்கம். கணவனை இழந்தவளுக்கும் காதலனால் கைவிடப்பட்டவளுக்கும் அம்மாற்றம் ஒன்றே அன்றோ? ஒரே வகுப்புச் சீட்டு வாங்கிய இருவரில், கழுத்தில் தாலி உண்டா என்று பார்த்து ஒருவரை மட்டும் வண்டியில் ஏற்றுவதுண்டா? மணமானவர் மட்டுமே ஆணுடன் கூடுவர் என்னும் பழைய எண்ணத்தைச் சட்டத்துக்குள் நுழைப்பது சமத்துவத்துக்கு முரண் என்றனர் நீதிபதிகள்.

இதற்கு மூன்று மாதம் முன்னர்தான், அந்தரங்க உரிமையை அடித்தளமாகக் கொண்ட 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளியிருந்தது. சமத்துவமே உறுதியான அடித்தளம் என்று அங்கே நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் நெடுங்காலம் வாதிட்டவர். நம் நாட்டுத் தீர்ப்பு அந்தரங்கம், சமத்துவம் இரண்டையும் பற்றி நின்றது.

ஆயினும் முழு உரிமை வந்துவிட்டதென எண்ணற்க. பெண் விரும்பினால் மட்டும் போதாது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரும், அதன்பின் இருவரும் இசைய வேண்டும். 2023 அக்டோபரில், இரு பிள்ளைகளுக்குத் தாயான, மனச்சோர்வுற்ற ஒரு பெண் 26 வாரத்தில் வேண்டியபோது அதே உச்ச நீதிமன்றம் மறுத்தது. பெற்றுச் சுமப்பவள் அவள்; முடிவு செய்பவர் பிறர். இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அந்த அன்னையாருக்கு விடை இதுவே: இடமுண்டு, அம்மா. பதினெட்டு வயது நிறைந்து, மனநலமும் உடையவளாயின் அவள் இசைவு ஒன்றே போதும். தந்தையின் கையொப்பமும் வேண்டாம், கணவனின் கையொப்பமும் வேண்டாம். அவள் பெயரை மருத்துவர் வெளியிடலாகாது என்பதும் அச்சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அரசு மருத்துவமனைக்கோ, அரசு ஒப்புதல் பெற்ற இடத்துக்கோதான் செல்ல வேண்டும். நாள் கடத்தாமல் செல்ல வேண்டும்.