ஊர் எழுதிய மதிப்புரை

தோழர்களே, சொந்தக் காசில் நாவல் அச்சடித்துவிட்டு ஒரு நல்ல மதிப்புரைக்குக் காத்திருக்கும் எழுத்தாளர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் ‘கருக்கு’ வந்த கதையைச் சொல்கிறோம். அது நாவல்தானா என்ற வழக்கைப் பேராசிரியர்களிடம் விட்டுவிடுவோம். 1992இல் பாமாவின் அந்நூலை வெளியிட்டது மதுரை ஐடியாஸ் மையம். சொந்த ஊரே முதலில் கோபப்பட்டது. பாமா சில மாதங்கள் ஊருக்குள் போக முடியவில்லை. பிறகு, படித்த இளைஞர்கள் எழுத்தறியாத பெரியவர்களுக்கு நூலை வாசித்து விளக்கினார்கள். கோபம் தணிந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பும் பரிசும் பின்னால் வந்தவை. நூலில் இருக்கும் மக்களே கேட்டுத் தீர்ப்புச் சொன்ன அந்த வாசிப்பைத்தான் நாம் பெரிய மதிப்புரை என்கிறோம். மாணவர்களே, இந்த மேசையில் கிடக்கும் நாவல்களில் ஒன்றை எடுத்துப் போங்கள். அதில் வரும் தெருவிலேயே வாசியுங்கள். பாராட்டை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். அங்கே கிளம்பும் சண்டையையும் எழுதுங்கள்.